கிற்றாருக்கு ஒரு ஆப்பு

கச்சான் காற்று பிடிக்கத் தொடங்கிய புதிதில் டெனிஷாவின் இடது கையில் கைட் நூல் சுற்றிக்கொண்டது.

கற்பிட்டிப் பக்கத்துக் கண்டக்குழியில் வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் ஒரு விடுதியில் அவளுக்கு வேலை. வருகிறவர்களுக்கு அறை காட்டுவாள், சாப்பாட்டுக்குச் சொல்லி விடுவாள், காற்று ஏறினால் கடற்கரைக்குப் போய் அவர்களுடைய கைட்டைப் பிடித்து ஏற்றி விடுவாள். அது சின்னப் பிள்ளைகள் விடுகிற பட்டமல்ல. ஒரு படகுப் பாய் அளவு துணி. பலகையில் நிற்கிற ஆளைத் தண்ணீருக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடும். அன்று ஏறிக்கொண்டிருந்த கைட் ஒன்றின் நூலில் சிக்கு விழுந்திருப்பதைக் கண்டு கையைப் போட்டாள். அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு இழுவை இழுத்தது. மோதிரவிரலிலும் சின்னவிரலிலும் தசைநார் அறுந்துபோனது.

கொழும்பில் தைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் விரல் மடங்குமா என்று அவள் கேட்கவில்லை. "கம்பி அமத்தலாமா?" என்றுதான் கேட்டாள். தாதிக்கு விளங்கவில்லை. பக்கத்தில் கதிரையில் இருந்த அம்மா பவுலினாவுக்கு நன்றாக விளங்கியது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டெனிஷா கிற்றார் வாசிப்பவள். 'கச்சான்' என்ற இசைக்குழுவில் முன்னணிக் கிற்றார் அவளுடையது. கற்பிட்டியில் இருந்து சிலாபம் வரை கலியாணம், கோயில் திருநாள், விடுதி விருந்து என்று எங்கே ஆடுவதற்குப் பைலாப் பாட்டு வேண்டுமோ அங்கே போவார்கள். பெயரைக் கேட்டு, வறுத்த கச்சான் கடலை விற்கிறவர்களா என்று சிரிக்கிற வெளியூர்க்காரருக்கு, இது எங்கள் ஊர்க் காற்றின் பெயர் என்று ஒவ்வொரு மேடையிலும் விளக்குவது ஜெயந்தனின் வேலை. பாடுவதும் குழுவை நடத்துவதும் அவன்தான். பேஸ் கிற்றார் றிப்னாஸ். ஆனால் பாட்டுக்கு முன்னால் வருகிற அந்த மேல் ஓட்டத்தைக் கேட்டுத்தான் சனம் கதிரையை விட்டு எழும்பும். அதை வாசிப்பது டெனிஷா.

தையல் ஆறியதும் சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் பிசியோதெரபிக்குப் போய் வந்தாள். பஸ்ஸில் போகும்போதும் ரப்பர் பந்தை அமத்திக்கொண்டு போனாள். விரல்கள் மெல்ல மெல்லச் சொல்லுக் கேட்டன. மடங்கின, நீண்டன. பலம்தான் வரவில்லை.

"கிற்றார் எடுக்கலாமா, மிஸ்?" என்று ஒருநாள் அங்கே பயிற்சி கொடுக்கிற மிஸ்ஸிடம் கேட்டாள்.

"எடுங்க. மெல்லிய வேலை இந்தக் கைக்கு நல்லம். பாரமா அமத்த வேணாம். நொந்தா நிப்பாட்டிடுங்க."

"எவ்வளவு அமத்தினா பாரம்?"

மிஸ் யோசித்தார். இப்படி ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை போலிருந்தது. "நல்லாப் பழுத்த வாழைப்பழத்த நசியாமப் பிடிப்பீங்கதானே. அந்த அளவு. அதுக்கு மேல இப்பைக்கு வேணாம்."

வீட்டுக்கு வந்து உடுப்புக்கூட மாற்றாமல் கிற்றாரை எடுத்தாள். தலைப்பக்கத்தில், கழுத்துக்குக் குறுக்கே பதித்திருக்கிற முதல் சில ஃபிரெட்டுகளில், சத்தம் வந்தது. கையைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். கழுத்து உடலோடு சேருகிற இடத்துக்குக் கிட்ட, அவளுடைய ஓட்டங்கள் எல்லாம் இருக்கிற இடத்தில், மோதிரவிரல் கம்பியின் மேல் உட்கார்ந்துகொண்டு நடுங்கியது. கம்பி கீழே போகவே இல்லை. இன்னும் அமத்தினாள். விரல் அடியில் இருந்து முழங்கை வரை ஒரு வலி ஓடியது.

வைத்துவிட்டாள். ஆனால் எழும்பிப் போகவில்லை. கிற்றாரை மடியில் படுக்கப் போட்டு, கண்ணைக் கம்பிகளின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பார்த்தாள்.

கொழும்பில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய கிற்றார் அது. வாங்கிய நாளில் இருந்தே கம்பிகள் உயரமாகத்தான் நின்றன. தலைப்பக்கத்தில் பிழையில்லை. கீழே வர வர, கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் ஒரு தீக்குச்சி தாராளமாகப் படுத்துக்கொள்ளும். கையில் பலம் இருந்த காலத்தில் அதை அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. இப்போது பார்க்கும்போது, கைக்கு வந்த வருத்தத்தைவிடக் கிற்றாருக்கு இருக்கிற வருத்தம் பெரிதாகத் தெரிந்தது. கையைத் திருத்த மாதக்கணக்காகும். கிற்றாரை இன்றைக்கே திருத்தலாம்.

அடுத்த நாள் பின்னேரம் ஜெயந்தன் வந்தான். கையில் ஒரு பை தோடம்பழம். வருத்தக்காரரைப் பார்க்க வருகிற முகம்.

"டெனி, கோவிக்காதே. வாற சனிக்கிழம சிலாபத்தில கலியாணம். பகல் விருந்து. நீ வரத்தான் வேணும். நீ இல்லாம மேட வெறிச்சோடிப் போய்க் கிடக்கு."

"வாறன் அண்ணா."

"நீ பாடு. உனக்கு நல்ல குரல் இருக்குத்தானே. கிற்றாருக்கு நீர்கொழும்பில இருந்து ஒரு தம்பியக் கூப்பிடலாமெண்டு யோசிக்கிறன். டிலக்‌ஷன் எண்டு. கெட்டிக்காரன்."

டெனிஷா தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். வலது கையால் உரித்து, இடது கையால் மெல்லப் பிடித்து.

"கிற்றார் நான் வாசிக்கிறன்."

"ஏலுமா உனக்கு?"

"இப்ப ஏலாது. சனிக்கிழம ஏலும்."

அவன் தேத்தண்ணியைக் குடித்தான். அவளுடைய பிடிவாதம் அவனுக்குத் தெரியும். அவளுடைய கையையும் அவன் பார்த்திருந்தான். இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் எழும்பிப் போனான்.

டெனிஷா முதலில் சின்ன வழிகளைப் பார்த்தாள். மெல்லிய கம்பிகள் வாங்கி மாற்றினாள். கொஞ்சம் இலகுவானது, போதவில்லை. பிறகு கிற்றார் உடலில் கம்பிகள் முடிகிற பிரிட்ஜைப் பார்த்தாள். கம்பிகள் வந்து உட்காருகிற குட்டி இரும்புத் துண்டுகள் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சின்னச் சாவியால் திருகி ஏற்றலாம், இறக்கலாம். எல்லாவற்றையும் இறக்கினாள். ஒவ்வொன்றும் தகட்டில் போய் முட்டி நின்றது. இனி இறங்க இடமில்லை. கம்பிகள் இன்னும் உயரத்தில்தான் இருந்தன.

கழுத்து வளைந்திருக்குமோ என்று பார்த்தாள். ஒரு கம்பியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலில் சேருகிற இடத்திலும் அமத்திப் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பவுலினாவைப் பார்க்கச் சொன்னாள்.

"ஒரு மயிர் போகும்," என்றார் பவுலினா.

"அப்ப கழுத்து நேராத்தான் இருக்கு. பூட்டின சாய்வுதான் பிழை."

கைபேசியில் சில வீடியோக்கள் பார்த்தாள். அவளுடையது போன்ற கிற்றாரில் கழுத்தை உடலோடு ஒட்டுவதில்லை. உடலில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் கழுத்தின் அடியை வைத்து, பின்பக்கமாக ஸ்குரூ ஆணிகளால் பூட்டுகிறார்கள். அந்தப் பள்ளத்துக்குள் ஒரு மெல்லிய துண்டை வைத்தால் கழுத்தின் சாய்வு மாறும். அவ்வளவுதான் விஷயம். வீடியோவில் இருந்தவர் நிறையப் பேசினார். டெனிஷா பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டாள்.

"சாப்பிடுற மேசையில வச்சா அறுக்கப் போற?" என்றார் பவுலினா.

"அறுக்கல்லம்மா. கழட்டிப் பூட்டுறன்."

"பிறகு பூட்டேலாமப் போனா?"

"ஆணி போட்டுப் பூட்டினத ஆணியால திருப்பியும் பூட்டலாம்தானே."

கம்பிகளைத் தளர்த்தினாள். அவை அவிழ்ந்து சிதறாமல் கழுத்தோடு ஒரு கிளிப்பைப் போட்டாள். கிற்றாரைக் கவிழ்த்து ஆணிகளைக் கழற்றினாள். கழுத்து ஒரு சின்ன முனகலோடு கையில் வந்தது. பள்ளத்தில் பழைய தூசியும் பெயின்ற் துளியும் கிடந்தன. துடைத்தாள். கம்பி வந்த பெட்டியின் மட்டையைக் கிழித்து மடித்தாள். கம்பி உயரத்தில் நிற்கிறது, ஆகவே கழுத்தைக் கம்பிப் பக்கமாகத் தூக்கி விடவேண்டும் என்று கணக்குப் போட்டு, பள்ளத்தின் வெளி விளிம்பில், கழுத்து உடலை விட்டு வெளியேறுகிற இடத்தில், மட்டையை வைத்துப் பூட்டினாள். கம்பிகளை இறுக்கினாள்.

அந்த நேரம் பார்த்து ஜெயந்தன் திரும்பவும் வந்தான். சனிக்கிழமைக்கான பாட்டுகளைப் பற்றிக் கதைக்க வந்ததாகச் சொன்னான். கண் கிற்றாரில் இருந்தது.

"எங்க, நான் ஒருக்காப் பாக்கட்டா?" என்று வாங்கி அமத்திப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "டெனி, இது முந்தியவிட மோசம். எனக்கே அமத்தக் கஷ்டமா இருக்கு."

அவள் வாங்கிப் பார்த்தாள். உண்மைதான். முன்பு தீக்குச்சி படுத்த இடத்தில் இப்போது தீக்குச்சியும் அதன் தம்பியும் படுக்கலாம்.

பவுலினா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அழப்போகிறாள் என்று நினைத்தார். டெனிஷா கிற்றாரைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு பக்கத்தில் இருந்து பார்த்து, மறுபக்கத்தில் இருந்தும் பார்த்தாள்.

"நல்ல விஷயம்," என்றாள்.

"என்ன நல்ல விஷயம்?"

"ஒரு துண்டு மட்ட இவ்வளவு தூரம் அசைக்குது எண்டா, மற்றப் பக்கத்தில வச்சா அதே அளவு மற்றப் பக்கத்துக்கு அசையும். நான் தலையத் தூக்கிப்போட்டன். தல பின்னால சாயவேணும். அப்பதான் கீழ கழுத்து எழும்பிக் கம்பியக் கிட்டப் போய்ப் பிடிக்கும். மட்ட வெளியில இல்ல, உள்ளுக்கு, அடி நுனியில இருக்கவேணும்."

ஜெயந்தனுக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் அவள் குரலில் தோல்வி இல்லை என்பது விளங்கியது. அதுவே அவனுக்குக் கவலையாகவும் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கைபேசியில் நீர்கொழும்புக்கு ஒரு கோல் எடுத்தான்.

மட்டை காற்றுக்கும் உப்புக்கும் நசிந்துபோகும் என்று டெனிஷாவுக்குத் தெரியும். இந்தக் கரையில் கடதாசிகூட நிமிர்ந்து நிற்பதில்லை. நசியாத ஒன்று வேண்டும். அடுத்த நாள் விடுதியில் அறை காட்டுகிற வேலை முடிந்ததும் கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு றிப்னாஸின் கொட்டிலுக்குப் போனாள்.

றிப்னாஸ் பைபர் படகு திருத்துகிறவன். அவனை டெனிஷா அண்ணன் என்றல்ல, நானா என்றுதான் கூப்பிடுவாள். கொட்டில் முழுக்க ரெசின் மணம். கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பேஸ் கிற்றாரும் இங்கேதான், கூரையில் கட்டிய கயிற்றில் தொங்கும். மேடை ஏறுவது வாப்பாவுக்குப் பிடிக்காது என்பதால் அதை அவன் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

"நானா, எனக்கு ஒரு துண்டு பைபர் வேணும். மெல்லிசு."

"எந்தப் படகில ஓட்ட?"

"ஓட்ட இல்ல. கழுத்துக்குள்ள வைக்க."

விஷயத்தைச் சொன்னாள். மேசையில் கிற்றாரைப் போட்டு, கழுத்தைக் கழற்றி மட்டையை எடுத்துவிட்டு, அடி எது, தலை எது, எந்தப் பக்கம் தடித்திருக்கவேண்டும், எந்தப் பக்கம் ஒன்றுமில்லாமல் தேயவேண்டும் என்று விரலால் காட்டினாள். றிப்னாஸ் முகமூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தான். அவன் முகம் தெளிந்தது.

"இது என்ஜினுக்கு ஆப்பு வைக்கிற மாதிரித்தானே புள்ள. படகோட முகம் தூக்கினா, என்ஜினுக்கும் பலகைக்கும் நடுவால ஆப்பு வச்சித்தான் சாய்வ மாத்துற. மேல வச்சா ஒரு போக்கு, கீழ வச்சா வேற போக்கு."

"ஓம், அதுதான்."

"அப்ப கிற்றாருக்கு ஆப்பு வைக்கப் போற எண்டு சொல்லு." அவன் சிரித்தான். "ஜெயந்தன் கேட்டா எனக்குத்தான் ஆப்பு."

கழிவுத் துண்டுகளுக்குள் தேடி ஒரு மெல்லிய தகட்டை எடுத்தான். பள்ளத்தின் அளவுக்கு அதை வெட்டியது அவன். தேய்ப்பதை அவள் எடுத்துக்கொண்டாள். சாண்ட் பேப்பரை ஒரு தட்டைப் பலகையில் ஒட்டி, தண்ணீர் விட்டு, தகட்டை வலது கையால் இழுத்து இழுத்துத் தேய்த்தாள். ஒரு நுனியில் கொஞ்சம் தடிப்பு. அங்கிருந்து சரிந்து சரிந்து மறு நுனியில் கடதாசியாகி முடியவேண்டும். நடுவில் மேடு பள்ளம் இருக்கக்கூடாது. இருந்தால் கழுத்து முழுக்க உட்காராது, நாளாக வளையும். அடிக்கடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். றிப்னாஸ் ஒரு தடவை உதவிக்குக் கை நீட்டினான். "இல்ல நானா, இது எனக்குத் தெரியுது" என்றாள். அவன் தன் படகுக்குத் திரும்பிப் போனான்.

சரியென்று தோன்றியதும் அவனைக் கூப்பிட்டாள். ஆணிகள் போகிற இடங்களில் அவன் துளை போட்டான். தகட்டைப் பள்ளத்தில் வைத்து, தடித்த நுனி உள்ளே இருக்கிறதா என்று இருவரும் பார்த்தார்கள். கழுத்தைப் பொருத்தினார்கள்.

"ஆணிய நேரா முறுக்கக்கூடாது," என்றாள் டெனிஷா. "முதல்ல பின்பக்கமாத் திருப்பவேணும். பழைய தடத்தில டக்கெண்டு விழும். அப்பதான் முறுக்கவேணும். இல்லாட்டி புதுத் தடம் வெட்டி மரத்தப் பழுதாக்கிடும்."

"அது எனக்குத் தெரியும். எத்தின என்ஜின் பூட்டியிருக்கன்."

"அப்ப பூட்டுங்க."

"நீயே பூட்டு. உன்ட சாமான்."

அவள் பூட்டினாள். ஒன்றை முழுக்க இறுக்காமல், மூலைக்கு மூலை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. கம்பிகளை இறுக்கிச் சுருதி சேர்த்தாள். வாசித்தாள்.

சத்தம் வரவில்லை. கம்பிகள் ஃபிரெட்டுகளில் பட்டு வண்டு மாதிரி இரைந்தன. இப்போது அவை ஒரேயடியாகப் பதிந்துபோயிருந்தன.

றிப்னாஸ் அவளைப் பார்த்தான். "கூடிப்போச்சா?"

"கூடினாத்தானே குறைக்கலாம்," என்றாள். சட்டைப்பையில் இருந்து அந்தச் சின்னச் சாவியை எடுத்து, பிரிட்ஜில் முட்டிக்கொண்டிருந்த இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். கொஞ்சம் தூக்குவாள், வாசிப்பாள், இன்னும் கொஞ்சம் தூக்குவாள். இரைச்சல் ஒவ்வொரு கம்பியாக அடங்கியது. கடைசிக் கம்பி அடங்கியபோது மோதிரவிரலை எடுத்து, கழுத்தின் அடியில், அவளுடைய பழைய இடத்தில் வைத்தாள். அமத்தவில்லை, வைத்தாள். கம்பி தானாகக் கீழே போய், ஒரு சுத்தமான சத்தம் கொட்டிலுக்குள் எழும்பி நின்றது.

அவள் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வாசித்தாள். கண் கலங்கியிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. றிப்னாஸ் கூரையில் இருந்து தன் பேஸ் கிற்றாரை இறக்கி, மின் இணைப்புக்கூட இல்லாமல் அவளோடு சேர்ந்து வாசித்தான்.

கம்பி இறங்கியதால் கையின் பலம் திரும்பிவிடவில்லை. இது அடுத்த நாள் பழகும்போது விளங்கியது. முன்பெல்லாம் ஒரு கம்பியை அமத்தி மேல்நோக்கித் தள்ளி, சத்தத்தை அழவைப்பாள். அந்தத் தள்ளலுக்கு மோதிரவிரலில் பலமில்லை. கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டாள். தள்ளுகிற இடத்தில் எல்லாம் வழுக்கினாள். கம்பி இப்போது இவ்வளவு பதிவாக இருப்பதால், நடுவிரலை ஒரு ஃபிரெட்டில் இருந்து அடுத்ததற்கு எண்ணெய் பூசியது மாதிரி இழுத்துக்கொண்டு போகலாம். அழுகைக்குப் பதிலாக ஒரு சிரிப்பு வந்தது. பைலாவுக்கு அது மோசமில்லை. உண்மையில் அது நன்றாகவே இருந்தது.

"இதென்ன புதுசா இருக்கு," என்றார் பவுலினா குசினிக்குள் இருந்து.

"பிடிக்குதா?"

"கறி அடிப்பிடிக்கப் போகுது, நான் இங்க கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

சனிக்கிழமை காலையில் வான் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சிலாபத்துக்குப் போனார்கள். ஜெயந்தன் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தான். மண்டபத்தில் இறங்கிப் பெட்டிகளை அடுக்கும்போது, கிற்றார்ப் பையோடு ஒல்லியான ஒரு இளைஞன் மேடைக்கு வந்து, "ஜெயந்தன் அண்ணா?" என்று கேட்டான். அது டிலக்‌ஷன்.

டெனிஷா ஜெயந்தனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் அவன வரச் சொன்னன்," என்றான் ஜெயந்தன். "கலியாண வீடு, டெனி. இடையில உன்ட கை விட்டா நான் என்ன செய்ய? உன்னட்டச் சொல்ல எனக்கு வாய் வரல்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வானுக்குப் போய் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. பிறகு டிலக்‌ஷனைப் பார்த்தாள். அவன் தனக்குத் தெரியாத ஒரு சண்டைக்கு நடுவில் வந்து நிற்பது விளங்கி, பையைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றான். நீர்கொழும்பில் இருந்து விடியக் கிளம்பி வந்திருப்பான்.

"தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல அக்கா."

"போய் முதல்ல ஏதும் சாப்பிடுங்க. பிறகு வந்து பாட்டுக்குப் பின்னால கோட்ஸ் நீங்க பிடியுங்க. மேல் ஓட்டத்த நான் பாக்கிறன்."

டிலக்‌ஷன் ஜெயந்தனைப் பார்த்தான். ஜெயந்தன் தலையாட்டினான்.

சாப்பிட்டுவிட்டு வந்தவன், ஸ்டாண்டில் நின்ற அவளுடைய கிற்றாரைக் கண்டு, "தொட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டான். கழுத்தின் அடியில் விரலை ஓடவிட்டான். ஒருமுறை நிறுத்தி, பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தான்.

"இவ்வளவு பதிவா இருந்தும் இரையல்ல. கொழும்பில யார் செய்தது அக்கா?"

"கொழும்பில்ல. நான்தான் செய்தன். பைபர் றிப்னாஸ் நானாட."

கொஞ்சம் தள்ளி நின்ற றிப்னாஸ், கேட்காதவன் போல வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஆனால் சுற்றிய வயரையே திரும்பவும் சுற்றினான்.

மாப்பிள்ளையும் பொம்பிளையும் வந்து, கேக் வெட்டி, பெரியவர்கள் பேசி முடிந்து, விருந்து தொடங்கியது. ஜெயந்தன் மைக்கைப் பிடித்துக் கச்சான் என்பது காற்று, கடலையல்ல என்று வழக்கம்போல விளக்கினான். பிறகு டெனிஷாவைப் பார்த்தான். அவள் தொடங்கினாள்.

நடுவிரல் தலைப்பக்கத்தில் இருந்து கழுத்தின் அடி வரை வழுக்கிக்கொண்டு போய், மோதிரவிரலிடம் கொடுத்தது. மோதிரவிரல் சும்மா தொட்டது. சத்தம் மண்டபத்தின் கடைசி மேசை வரை போனது. அங்கே கோழிக்காலோடு இருந்த ஒரு பெரியவர் அதைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். பொம்பிளையின் மாமிமார் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழும்பினார்கள். ஜெயந்தன் பாடத் தொடங்குவதற்கு முன்பே நடுவில் ஒரு வட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

பைலா ஒன்றில் நிற்பதில்லை. ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்தது பிடிக்கும். அப்படி நிற்காமல் போய்க்கொண்டிருந்தபோது மோதிரவிரல் மரத்துப்போவதை டெனிஷா உணர்ந்தாள். வலி இல்லை, விரல் அங்கே இருப்பது தெரியவில்லை. நொந்தால் நிறுத்துங்கள் என்று மிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. விரலை நிறுத்தினாள், பாட்டை நிறுத்தவில்லை. சுட்டுவிரலையும் நடுவிரலையும் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டத்தைச் சுருக்கினாள். விட்டுப்போன சுரங்களின் இடத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. அடுத்த சுற்றில் அந்த ஓட்டையில் இன்னொரு கிற்றார் வந்து உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தாள். டிலக்‌ஷன் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டு, அவள் விடுகிற சுரங்களைக் கீழ் ஸ்தாயியில் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் கேட்கிறாள், அவன் பதில் சொல்கிறான் என்பது போல ஆனது. ஆடுகிறவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. அவர்கள் இன்னும் வேகம் வேணும் என்று கேட்டார்கள்.

முதல் பகுதி முடிந்து இறங்கியபோது, குளிர்ந்த சோடாப் போத்தல் ஒன்றை எடுத்து இடது விரல்களில் வைத்துக்கொண்டு டெனிஷா ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜெயந்தன் தட்டில் சோறோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தான். கொஞ்ச நேரம் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்தான்.

"நான் உன்ன நம்பியிருக்கவேணும்," என்றான்.

"விடுங்க அண்ணா. ஆனா அடுத்த முற முதல்லயே சொல்லிடுங்க. வானுக்குள்ள சொல்லியிருந்தா வழியில பழகிக்கொண்டு வந்திருப்பம்."

"கை எப்படி?"

"விரல் தூங்கிப்போச்சு. எழும்பும்."

"அடுத்து வாற கோயில் திருநாளுக்கு என்ன செய்வம்? தம்பியக் கூப்பிடுவமா, வேணாமா? நீ சொல்றதுதான்."

அவள் தூரத்தில் பார்த்தாள். டிலக்‌ஷனும் றிப்னாஸும் ஒரே மேசையில் இருந்தார்கள். றிப்னாஸ் ஒரு கையை என்ஜின் மாதிரியும் மறு கையைப் பலகை மாதிரியும் பிடித்து, நடுவில் அப்பளத் துண்டு ஒன்றை நுழைத்து எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். அப்பளம் உடைந்தது. இருவரும் சிரித்தார்கள்.

"கூப்பிடுங்க," என்றாள் டெனிஷா. "ரெண்டு கிற்றாருக்கு நான் புதுசா ஒண்டு செய்றன். தொடக்கம் மட்டும் என்னோடது. அத ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்."

"ஆர் கேட்டது அத," என்றான் ஜெயந்தன். இப்போதுதான் முதல் கவளத்தை வாயில் வைத்தான்.

மாமிமார் மேடைக்கு முன்னால் வந்து நின்று கை தட்டத் தொடங்கியிருந்தார்கள். டெனிஷா சோடாவை ஒரே மிடறில் குடித்து முடித்து, விரல்களை உதறி, மடக்கி, நீட்டிப் பார்த்தாள். மோதிரவிரலில் ஊசி குத்துவது போல உணர்வு திரும்பிக்கொண்டிருந்தது. கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜெயந்தன் கை கழுவி வருவதற்குக் காத்திராமல் மேடை ஏறினாள்.